காக்காக் கடி

கோகிலாவின் வீட்டுக் குளியலறைச் சுவரில் சோப்பு டப்பா அளவுக்கு ஒரு கருவி மாட்டியிருந்தது. பிள்ளைகள் காலையில் எழுந்ததும் சிறுநீரைச் சின்னக் குப்பியில் பிடித்து அதன் வாயில் வைக்க வேண்டும். அது சற்று யோசித்துவிட்டு, செய்தி வாசிக்கும் பெண்ணின் குரலில் பெயரையும் முடிவையும் அறிவிக்கும். "மகிழினி. இரண்டு ப்ளஸ்." "நிரூபன். மூன்று ப்ளஸ்." ப்ளஸ் ஏற ஏற, உடம்பில் தங்க வேண்டிய சத்து சிறுநீரில் ஒழுகிப் போகிறது என்று அர்த்தம். சத்து போனால் முகம் வீங்கும், கண் இடுங்கும், வயிற்றில் தண்ணீர் கட்டும். ஒன்றுமே ஒழுகாத நல்ல நாளில் அது சொல்வது ஒரே வார்த்தைதான். "நில்."

செய்து அனுப்பியவர்களுக்கு அது ஆங்கிலம். ஒன்றுமில்லை என்று பொருள். ஏழு வயது நிரூபனுக்கோ அது சுத்தத் தமிழ். நில் என்று ஒருத்தி அதட்டினால் நிற்க வேண்டாமா? அக்காவுக்கு அந்த அறிவிப்பு வருகிற நாளெல்லாம் குளியலறை வாசலை மறித்துக்கொண்டு, "அக்கா, நில்லு! அசையக் கூடாது, மிஷின் சொல்லிருச்சு" என்பான். பதினொரு வயது மகிழினி, பிரஷ் வாயிலிருக்க, நுரை வழிய, ஒற்றைக் காலில் சிலையாவாள். அவன் வந்து தொட்டால்தான் விடுதலை. அவன் பெயரோடு அந்த வார்த்தை வந்த நாட்கள் சொற்பம். வந்துவிட்டால் கையைத் தூக்கி, நாக்கைத் துருத்தி, அவன் நிற்கிற அழகைப் பார்த்து கோகிலாவுக்கு இட்லி மாவு கையிலேயே காய்ந்துவிடும்.

போன ஆடியில் நிரூபன் இறந்துபோனான். கருவி தன் வேலையை விடவில்லை. தினமும் "மகிழினி. நில்" என்றது. மகிழினி நிற்காமல் நடந்து போனாள். அடுப்படியில் கோகிலாதான் ஒரு நிமிஷம் அப்படியே நின்றுவிடுவாள்.

மாசி மாதத்தில் ஒருநாள் அது வேறு சொன்னது. "மகிழினி. ட்ரேஸ்."

ட்ரேஸ் என்றால் ப்ளஸ்ஸுக்கு முந்தின படி. கோகிலா மகள் முகத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள். கண்ணோரம் லேசாக உப்பியிருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடலாமென்று போனை எடுக்கும்போதே அங்கிருந்து அழைப்பு வந்துவிட்டது. டாக்டர் ரெஜினாதான். கருவி அவருக்கும் சொல்லியிருக்கும்.

"கோகிலா, இன்னைக்கே வர முடியுமா? பாப்பாவைக் கூட்டிட்டு வர வேண்டாம். நீங்க மட்டும் வாங்க."

பள்ளிபாளையத்திலிருந்து ஈரோட்டுக்கு ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் ஆயிற்று. அந்தப் பாலத்தில்தான் இரண்டு பிள்ளைகளையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு எத்தனையோ தடவை போய் வந்திருக்கிறாள். பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் எல்லாம் முதலிலிருந்து ஓடியது.

முதலில் மகிழினிக்கு வந்தது, பிறகு நிரூபனுக்கும் அதே வியாதி. ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால் அடங்கும்; நிறுத்தினால் கிளம்பும். மாத்திரை இருவரின் முகத்தையும் பூசணிக்காயாக்கியது, வளர்த்தியைப் பிடித்து வைத்துக்கொண்டது. அப்படி இருக்கும்போதுதான் ஒரு கம்பெனி புதிய சொட்டு மருந்தைச் சோதித்துப் பார்க்க, ஒரே வியாதியுள்ள உடன்பிறப்புகளைத் தேடியது. கோகிலா தறிக்குடோனில் வேலை செய்பவள் என்பது தெரிந்து, டாக்டர் ரெஜினா தறியை வைத்தே விளக்கினார்.

"தறி ஓடும்போது ஊடை நூல் அறுந்தா என்ன ஆகும்?"

"தறி தானா நின்னுக்குமுங்க. சின்னதா ஒரு கம்பி இருக்குது. நூல் இல்லீன்னா அது நிறுத்திப்போடும்."

"அந்தக் கம்பி இல்லன்னா?"

"அது பாட்டுக்கு ஓடுமுங்க. துணி பூரா ஓட்டையா வரும்."

"அவ்வளவுதான் விஷயம். உடம்புல ஒவ்வொரு ஜீனும் ஒரு தறி. 'போதும், நில்லு'ன்னு அதை நிறுத்துற கம்பிதான் மைக்ரோ ஆர்.என்.ஏ. பொடித் துணுக்கு. உங்க பிள்ளைங்களுக்கு அதுல ஒண்ணு குறையுது. தறி நிக்காம ஓடி, சிறுநீரகத்தோட சல்லடையில ஓட்டை விழுது. இந்தச் சொட்டுல அந்தக் கம்பியத்தான் குடுக்கறோம்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. அடுத்துச் சொன்னதுதான் மனசுக்கு ஒப்பவில்லை. இரண்டு பேரில் ஒருவருக்குத்தான் மருந்து. மற்றவருக்கு அதே நிறம், அதே இனிப்பில் வெறும் தண்ணீர். யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது.

"ரெண்டு பேருக்கும் நெசமானதையே குடுத்தா ஆகாதுங்களா?"

"அப்படிக் குடுத்தா மருந்துதான் குணமாக்குச்சுன்னு எப்படித் தெரியும்? வித்தியாசம் தெரியணும் கோகிலா. தெரிஞ்சிட்டா அடுத்த வருஷமே ரெண்டு பேருக்கும் கிடைக்கும்."

ஒன்றுக்காவது கிடைக்கிறதே என்று அவளும் அவள் புருஷன் பூபதியும் சம்மதித்தார்கள். கிளம்பும்போது டாக்டர் ஒரு கட்டளை போட்டார். "ரொம்ப முக்கியம். ஒருத்தர் எச்சில் இன்னொருத்தருக்குப் படவே கூடாது. பட்டா உயிருக்கே ஆபத்து."

எச்சில் விஷயத்தில் நம்மவர்களுக்கு இரண்டு சட்டம் உண்டு. ஊரான் தம்ளரில் வாய் வைத்துவிட்டால் முகத்தைச் சுளிக்கும் அதே தாய், பிள்ளை மென்று துப்பிய சோற்றை யோசிக்காமல் எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொள்வாள். கோகிலாவும் அப்படித்தான் இருந்தாள். அன்றோடு மாறினாள். தட்டு தனி, தம்ளர் தனி. மகளுக்கு ஒரு வாய் ஊட்டினால் சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் மகனுக்கு அடுத்த வாய். ஆஸ்பத்திரி பெஞ்சில் பழக்கமான சசிரேகா, அவளுக்கும் இதே சோதனையில் இரண்டு பிள்ளைகள், கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"அதெல்லாம் பாத்தா பொழப்பு ஓடுமாக்கா? நான் ஒரே சட்டில பெசஞ்சு ரெண்டு வாயிலயும் மாத்தி மாத்தித் திணிச்சுப்போட்டு வேலைக்கு ஓடறேன்."

பாவம், விவரம் தெரியாதவள் என்று கோகிலா நினைத்துக்கொண்டாள். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஒருநாள் மகிழினி தான் கடித்த கொய்யாக்காயைத் தம்பிக்கு நீட்டிக்கொண்டிருந்தாள். கோகிலா பாய்ந்துபோய்ப் பிடுங்கி வீசினாள். மகள் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை. "தம்பியக் கொன்னுபோடுவயாடி நீ?" அடித்த கை அன்று முழுக்க எரிந்தது. மகிழினி அழவில்லை, பயந்துபோனாள். அதன்பிறகு எது கிடைத்தாலும் காக்காக் கடிதான். கடலை மிட்டாயைப் பாவாடை நுனியில் பொதிந்து, துணியோடு சேர்த்துக் கடித்து உடைத்து, எச்சில் படாத பாதியைத் தம்பிக்குக் கொடுப்பாள். எல்லாப் பிள்ளைகளும் விளையாட்டாகச் செய்வதை அவள் பூஜை மாதிரிச் செய்தாள். அவளுடைய பாவாடை நுனிகளெல்லாம் வெல்லம் பிசுபிசுத்து, பல் பட்டு நைந்து கிடந்தன. துவைக்கும்போது கோகிலா அதைப் பார்த்துச் சந்தோஷப்படுவாள். பொறுப்பான பெண்.

சில மாதங்களிலேயே யாருக்கு மருந்து என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. மகிழினிக்கு நாள்தோறும் நில். கன்னம் வற்றி, பழைய முகம் வந்தது. நிரூபனுக்கு ப்ளஸ் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. "அக்காதுலதான் மருந்து இருக்குதும்மா" என்றான் ஒருநாள், புகார் எதுவும் இல்லாமல். "பரவால்ல. அடுத்த வருசம் எனக்கு."

பங்குனியில் மாரியம்மன் நோம்பி, ஊர்த் திருவிழா, வந்தது. கோகிலா தீர்த்தக்குடம் எடுத்தாள். ஆத்தா கண் திறந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். நோம்பி முடிந்த கையோடு, கிட்டத்தட்ட இரண்டு வாரம், கருவி நிரூபனைத் தினமும் நிற்கச் சொன்னது. தினமும் நின்றான். கொக்கு மாதிரி, போலீஸ்காரர் மாதிரி, தூங்குகிற அப்பா மாதிரி. வீடே சிரித்தது. பிறகு ஒரு காலையில் மறுபடியும் ப்ளஸ். ஆடியில் வயிற்றில் கட்டிய தண்ணீர் சீழ் பிடித்தது. ஏறின காய்ச்சல் இறங்கவேயில்லை.

அவன் போன பிறகு கம்பெனியும் கையை விரித்துவிட்டது. மருந்து கொடுத்த பிள்ளைக்கும் தண்ணீர் கொடுத்த பிள்ளைக்கும் வித்தியாசமே இல்லை, மருந்து தோல்வி என்றார்கள். மிச்சமிருந்த மருந்துக் குப்பிகளைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். தாங்கள் மாட்டிய கருவியை மட்டும் கழற்ற யாரும் வரவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கி டாக்டர் ரெஜினாவின் அறைக்குள் போனாள். டாக்டர் இளைத்திருந்தார். கோகிலாவை உட்காரச் சொல்லிவிட்டு, தானும் மேஜைக்கு இந்தப் பக்கம் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ட்ரேஸ் வந்திருச்சுங்க டாக்டரம்மா. மறுபடியும் மொதல்ல இருந்தா?"

"மருந்து உடம்புல வத்திட்டு வருது. அதைப் பாப்பாவுக்குத் திரும்ப வாங்கித் தரத்தான் உங்களைக் கூப்பிட்டேன். கோகிலா, அந்த மருந்து தோக்கல. நாங்கதான் தப்பாக் கணக்குப் போட்டோம்."

கோகிலா நாற்காலியை அவர் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"சொட்டு நாக்குல விட்டதும் வாயில எச்சில் சுரக்கிற இடத்துல போய்க் குடியேறிடும். அங்கிருந்து எச்சிலோட கலந்து, முழுங்கும்போதெல்லாம் கொஞ்சங் கொஞ்சமா உள்ள போகும். மாசக்கணக்கா. அதனாலதான் எச்சில் படக் கூடாதுன்னோம். தண்ணி குடிக்கிற பிள்ளைக்கு மருந்து போயிட்டா வித்தியாசம் தெரியாதே."

"பட்டா உசுருக்கு ஆபத்துன்னீங்களே?"

"ஆபத்து ஒண்ணும் இல்ல." டாக்டரின் குரல் தேய்ந்தது. "படக் கூடாதுன்னு சொல்றதோட நிறுத்தியிருக்கலாம். ஆபத்துன்னு நாந்தான் சேர்த்தேன். அப்படிச் சொன்னாத்தான் கேப்பாங்கன்னு. உண்மையைச் சொல்லியிருந்தா நீங்க எல்லாரும் வேணும்னே மாத்திக் குடுத்திருப்பீங்க."

"குடுத்திருப்பமுங்க" என்றாள் கோகிலா.

பிறகு டாக்டர் மற்றதையும் சொன்னார். பெரும்பாலான வீடுகளில் யாரும் கட்டளையை மதிக்கவில்லை. ஒரே கையால் ஊட்டினார்கள், ஒரே ஐஸ்கிரீமை நக்கக் கொடுத்தார்கள். அந்த வீடுகளில் தண்ணீர் குடித்த பிள்ளையும் தேறிவிட்டது. இரண்டும் நன்றாக இருந்ததால் வித்தியாசம் இல்லாமல் போயிற்று.

"சசிரேகாவோட பசங்க?"

"ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. இப்பத்தான் லேசா ஆரம்பிக்குது, மகிழினி மாதிரியே."

கோகிலாவுக்குத் தன் கையைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. பார்த்தாள். எத்தனை சோப்பு கரைத்த கை. பெத்த பிள்ளையைக் காப்பாற்றுகிறோம் என்று ஒவ்வொரு வாய்க்கும் கழுவிக் கழுவி, மருந்தைக் குழாய்த் தண்ணீரில் விட்டிருக்கிறாள். அழுகை வரவில்லை.

"அப்ப, நீங்க சொன்னபடி கேட்டதுதான் நாங்க செஞ்ச தப்புங்களா?"

டாக்டர் தலை குனிந்தார். "தப்பு உங்களோடது இல்ல. பழியை என் மேல போடுங்க. போடணும். ஆனா இப்ப உங்களால ஆக வேண்டியது ஒண்ணு இருக்கு. சொன்னபடி நடந்த வீடு உங்களோடது, இன்னும் ரெண்டு மூணு. அந்த வித்தியாசம்தான் சாட்சி. நிரூபனோட ரத்தம் கொஞ்சம் எங்ககிட்ட பத்திரமா இருக்கு. நீங்க சம்மதிச்சா, மருந்து போகாத ரத்தம் இதுன்னு காட்டி அந்தச் சோதனையைத் திரும்பத் திறக்க வைக்கலாம். மகிழினிக்குச் சீக்கிரமா வேணும், கோகிலா. அடுத்த தடவை ஸ்டீராய்டுக்கு அடங்குமான்னு சொல்ல முடியாது."

கோகிலா சம்மதித்தாள். செத்தும் அக்காவுக்கு விட்டுக்கொடுக்கிறான்.

எழும்போது டாக்டர் தயங்கிக் கேட்டார். "ஒண்ணு மட்டும் இடிக்குது. போன பங்குனியில ரெண்டு வாரம் தம்பிக்குச் சுத்தமா நில் வந்திருக்கு. கம்பெனிக்காரங்க அதைத்தான் கேப்பாங்க. அப்ப எப்படியாவது எச்சில் பட்டுச்சா? பட்டிருந்தா அதைவிடப் பெரிய சாட்சி இல்ல. பட்ட உடனே நின்னுது, வத்தினதும் திரும்ப வந்துதுன்னு காட்டிடலாம்."

"இல்லீங்க. எங்கூட்ல படவே இல்லீங்க. அது ஆத்தா குடுத்ததுங்க."

அவள் வீடு வந்து சேர்ந்தபோது சாயங்காலம். மகிழினி பள்ளிச் சீருடையைக்கூட மாற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு கடலை மிட்டாய். அம்மாவைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் பச்சைப் பாவாடை நுனியில் அதைப் பொதிந்து கடித்து, பாதியை நீட்டினாள்.

"எனக்கு வேண்டாஞ் சாமி. நீ தின்னு."

"டாக்டர் என்ன சொன்னாங்க? எனக்கும் தம்பியாட்டம் ஆயிருமா?"

"ஆகாது. மருந்து வந்துரும்."

"ஆனா ஆகட்டும்." மகிழினி மிட்டாயைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நாந்தானம்மா அவனக் கொன்னேன்."

கோகிலா பக்கத்தில் உட்கார்ந்தாள். "என்னடி பேச்சு இது?"

"நோம்பியில ஜவ்வு மிட்டாய் வாங்கித் தந்தயில்ல, வாட்ச்சாட்டம் கையில கட்டி உடுவாங்களே. அவன் அவனோடத அப்பவே தின்னுட்டான். எனக்கு வாங்கினதக் கேட்டு அழுதான். துணியில ஒட்டிக்குதும்மா, காக்காக் கடி கடிக்கவே வரல. அதனால நான் சப்பிட்டு அவன் வாயில வெச்சேன். தேர் வர்ற வரைக்கும் அப்படித்தான் தின்னோம். சொன்னா நீ அடிப்பேன்னு சொல்லல. அப்பறம் ஆடியில அவனுக்கு..." பாவாடை நுனியைத் திருகினாள். "நீ அன்னைக்கே சொன்னயில்ல, நான் அவனக் கொன்னுபோடுவேன்னு."

ஆறு மாதத்துக்கு மேலாக இந்தக் குழந்தை இதைச் சுமந்துகொண்டு பள்ளிக்கூடம் போயிருக்கிறது, வீட்டுப்பாடம் எழுதியிருக்கிறது, தம்பி படத்துக்குப் பூ வைத்திருக்கிறது. கோகிலா மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். ஆத்தா கண் திறக்கவில்லை. ஒரு ஜவ்வு மிட்டாய்தான் திறந்திருக்கிறது.

"இல்ல கண்ணு. உன்ற எச்சி பட்டுத் தம்பி சாகல. நீ மிட்டாய் குடுத்தயே, அதுக்கப்பறந்தான் அவன் தெனமும் நின்னான். கொக்காட்டம் நின்னானே, ஞாபகம் இருக்குதா? உன்ற எச்சிலதான் மருந்து இருந்துச்சாம். டாக்டரம்மா இன்னைக்குத்தான் சொன்னாங்க. அந்த ரெண்டு வாரமும் நீ குடுத்தது."

"நெசமாவா?"

"சத்தியமா."

மகிழினியின் முகம் மலர்ந்தது. தம்பி போனதிலிருந்து பார்க்காத முகம். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போலீஸ்காராட்டங்கூட நின்னான்" என்று சிரிக்கவும் செய்தாள். பிறகு கையிலிருந்த பாதி மிட்டாயைப் பார்த்தாள். பாவாடை நுனியைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுபோயிற்று.

"அப்ப, தெனமும் குடுத்திருந்தா?"

கோகிலாவுக்கு இந்தக் கேள்வி வருமென்று தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. ஒரு பாரத்தை இறக்கிவைக்கிறேன் என்று அதைவிடப் பெரிய பாரத்தைப் பிள்ளை தலையில் ஏற்றிவிட்டாள். பழியை என் மேல் போடுங்கள் என்று டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. ஆனால் டாக்டர் ஆற்றுக்கு அக்கரையில், ஒரு கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருப்பவர். பதினொரு வயதுப் பிள்ளைக்குக் கோபப்பட, தினமும் கண்ணெதிரே ஒரு முகம் வேண்டும்.

"நீ குடுத்தயே சாமி" என்றாள். "நீ குடுக்கத்தான் வந்தே. கொய்யாக்காயை நீட்டுனயில்ல? நாந்தான் புடுங்கி எறிஞ்சேன். நாந்தான் உன்ன அடிச்சேன். எச்சி பண்ணாதே, எச்சி பண்ணாதேன்னு சொல்லிச் சொல்லி, குடுக்க உடாம வெச்சது அம்மாதான்."

மகிழினி அவளை உற்றுப் பார்த்தாள். பார்த்தபடியே, அணைத்திருந்த கையை மெல்ல விலக்கினாள்.

"நீதான்" என்றாள்.

எழுந்து உள்ளே போனாள். அறைக்கதவு சாத்திக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. தம்பி செத்த அன்றுகூட அவள் அப்படி வாய்விட்டு அழவில்லை. கோகிலா கதவைத் தட்டவில்லை. இதைத்தான் அவள் கேட்டு வாங்கினாள். வாங்கிக்கொண்ட பிறகுதான் அது எவ்வளவு வலிக்கும் என்று தெரிந்தது.

நாளைக்கு ஜவ்வு மிட்டாயைப் பற்றி டாக்டரம்மாவிடம் சொல்ல வேண்டும். அதைவிடப் பெரிய சாட்சி இல்லையாம்.

வாசற்படியில் பாதி மிட்டாய் கிடந்தது. ஓரத்தில் மகளின் பல் தடமும், பாவாடையிலிருந்து பிரிந்த ஒரு பச்சை நூலும் இருந்தன. கோகிலா அதை எடுத்து, நூலைக்கூட நீக்காமல், வாயில் போட்டுக்கொண்டாள்.